மூக்கன் குட்டையும் ஒரு பஸ் டிக்கெட்டும்

இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. கார்த்திகை இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திருச்சியிலிருந்து பெரம்பலூர் போய் அங்கிருந்து அரியலூர் சாலையில் இருக்கும் ஒரு குட்டைக்குப் போனேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் பட்ட ஒரு சோம்பலுக்குப் பதில் சொல்லத்தான் போனேன். செடி பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். வழி, நேரம், செலவு எல்லாம் நடுநடுவே வரும்.

அதற்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு முடித்து வெளியே வந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன்.

"பாப்பா, நான் செல்வராணி பேசுறேன். ஆட்டுக்கார செல்வராணி. புளியங்கொல்லை. நெனவு இருக்கா? வண்டில ஏத்திட்டுப் போனனே."

எனக்கு முப்பத்தெட்டு வயது. நான் பாடம் நடத்தும் தாவரவியல் துறையில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். பாப்பா என்று கூப்பிட உலகத்தில் இருக்கும் ஒரே ஆள் இந்த அக்காதான். ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஒரு மத்தியான நேரம், சாலையோரம் பையும் செய்தித்தாள் கட்டுமாக நின்ற என்னைத் தன் டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு, "செடி பாக்கணுமா? வா, குட்டைல கெடக்கு" என்று கூட்டிப் போனவர். போகும்போது என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அதை வீட்டுச் சுவரில் எழுதி வைத்திருந்தாராம். அவர் எண்ணை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் மூக்கன் குட்டையை மேடாக்கி, சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் நிறுத்த இடமாகக் கேட்டிருக்கிறார் வெளியூர்க்காரர் ஒருவர். அரசாங்கப் பதிவேட்டில் அது குட்டை என்றே இல்லை, தரிசு என்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். மழைக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளம் வேறு, நீர்நிலை வேறு, பல வருடமாக இங்கே தண்ணீர் நிற்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள் என்று பதில் வந்தது. செல்வராணி அக்காவிடம் இருபத்திரண்டு ஆடுகள். ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் அவற்றுக்கு அந்தக் குட்டைதான் தண்ணீர். அதை விட்டால் லாரி ஓடும் சாலையைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டும். போன கோடையில் அந்தச் சாலையில் இரண்டு குட்டிகள் அடிபட்டுப் போயின.

"ஆதாரம்னா என்ன பாப்பா? ஆடு வந்து சாட்சி சொல்லுமா? அப்பதான் நெனவு வந்துச்சு. நீ ஒரு செடியப் புடுங்கி பேப்பர்ல வெச்சு, இங்கதான் எடுத்தேன்னு எழுதிக்கிட்டுப் போனியே. அத எடுத்துட்டு வா. அடுத்த வாரம் வியாழக்கெழம ஆபீசரு நேர்ல பாக்க வராரு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தச் செடியே ஒரு சாட்சிதான். அதன் பெயர் டோபாட்ரியம் ஜன்சியம். இதற்குப் பரவலான தமிழ்ப் பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே பருவம் வாழும் சின்னச் செடி. சில வாரங்களாவது தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், பிறகு அந்தத் தண்ணீர் மெல்ல வற்றவும் வேண்டும். காய்ந்த தரிசில் முளைக்காது. ஓடும் வாய்க்காலிலும் பார்த்ததில்லை. பதினோரு வருடம் முன்னால் இது அங்கே இருந்தது, இப்போதும் இருக்கிறது என்றால், அந்த இடம் சும்மா மழைக்கு நிரம்பிய பள்ளம் இல்லை. "நான் வரேன்க்கா, நீங்க கவலப்படாதீங்க" என்று பெரிய மனுஷி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டு நேரே ஹெர்பேரியத்துக்கு ஓடினேன். காய வைத்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது.

தாள் இருந்தது. செடி பழுப்பேறி, ஆனால் முழுசாக, வேரோடு இருந்தது. கீழே வலது மூலையில் என் கையெழுத்தில் லேபிள். சேகரித்தவர் பெயர் என் பெயர், தேதி சரி, வாழிடம் 'ஆழமற்ற தேங்கு நீரின் ஓரம்'. இடம்: செட்டிகுளம்.

செட்டிகுளம்! மலை முருகன் கோயில் இருக்கும் அந்த ஊருக்கும் மூக்கன் குட்டைக்கும் சம்பந்தமே இல்லை. வேறு திசை, வேறு சாலை.

எப்படி நடந்தது என்று நினைவுக்கு வர அரை நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் ஆய்வு மாணவர்களுக்கு அப்போது ஒரு வழக்கம் உண்டு. செடியைச் செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து அழுத்தும்போது, அந்த ஊருக்கு வந்த பஸ் டிக்கெட்டையும் கூடவே செருகிவிடுவோம். டிக்கெட்டில் ஊர்ப் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கும். மழையில் நோட்டு நனைந்தாலும் டிக்கெட் மடிப்புக்குள் பத்திரமாக இருக்கும். விடுதிக்குத் திரும்பி நிதானமாக லேபிள் எழுதிக்கொள்ளலாம். எல்லாருக்கும் இதில் ஏகப்பட்ட பெருமை வேறு. அன்று காலை நான் செட்டிகுளத்தில் செடி எடுத்துவிட்டு, மத்தியானம் அரியலூர் சாலைக்கு வந்தேன். குட்டைக்குப் போனது அக்காவின் வண்டியில். வண்டிக்கு ஏது டிக்கெட்? மடிப்புக்குள் ஏதாவது இருக்கட்டும் என்று, செட்டிகுளத்திலிருந்து திரும்பியபோது வாங்கிக் கையில் மிஞ்சியிருந்த டிக்கெட்டைச் செருகினேன். இரவு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. மாற்றவில்லை. மூன்று வாரம் கழித்து, நாற்பது லேபிள்களை ஒரே மூச்சில் எழுதிய நாளில், டிக்கெட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறேன். நனைந்த நோட்டை அந்த வருடமே தூக்கிப் போட்டாயிற்று.

அடுத்த அரை மணி நேரம் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த லேபிளைக் கிழித்துவிட்டு, பழைய தாளில், பழைய தேதியில், 'புளியங்கொல்லை, மூக்கன் குட்டை' என்று புதிதாக எழுதி ஒட்டிவிடலாம். கேட்க ஆள் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. எழுதப் போவதும் உண்மைதான். ஆனால் முதல் நாள் எங்களுக்குச் சொல்லித்தந்தது, பழைய லேபிளைத் தொடாதே, தப்பு இருந்தால் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, திருத்தத்தை எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்து இடு என்பது. நானும் அதையேதான் வருடா வருடம் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்கிறேன். கடைசியில் அப்படியே செய்தேன். துண்டுச் சீட்டு ஒட்டினேன், அன்றைய தேதி போட்டேன். தாளை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை 5.40க்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். பெரம்பலூருக்கு அறுபது கிலோமீட்டர். டிக்கெட் 55 ரூபாய். 7.10க்கு இறக்கிவிட்டார்கள். வழி முழுக்கத் தூறல். வானம் விடிந்த மாதிரியே இல்லை, ஜன்னல் ஷட்டர் மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை, வலது தோள் நனைந்ததுதான் மிச்சம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் பொங்கலும் காப்பியும் 65 ரூபாய். பொங்கல் நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்குத்தான் இறங்கவில்லை. குட்டைப் பக்கம் கடை கிடையாது, அதனால் நீங்கள் போகும்போது இங்கேயே சாப்பிட்டு, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

7.45க்கு அரியலூர் பஸ். புளியங்கொல்லை நிறுத்தம் பெரம்பலூரிலிருந்து பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் 17 ரூபாய். ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தாமல் போய்விடுவார்கள். என்னிடம் அவர், "அங்க எறங்கி என்னங்க பண்ணப் போறீங்க? ஒண்ணுமே இல்லயே" என்றார். செடி பார்க்க என்றேன். "நல்ல நாள் பாத்தீங்க போங்க" என்று விசில் ஊதினார். 8.25க்கு இறங்கினேன். லாரி லாரியாகப் போய், சுண்ணாம்புத் தூசி தூறலில் குழைந்து, சாலை முழுக்க வெள்ளைக் கஞ்சி ஊற்றிய மாதிரி கிடந்தது.

நிறுத்தத்திலிருந்து தெற்கே ஒன்றேகால் கிலோமீட்டர் மண்பாதை. கரிசல் மண். நூறு அடி நடப்பதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஆகிவிட்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதை முடிகிற இடத்தில் சாக்குப் பையைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு செல்வராணி அக்கா நின்றிருந்தார். பின்னால் ஆடுகள். முடி நரைத்துவிட்டது, மற்றபடி அதே ஆள்.

"எளச்சுப் போயிட்டியே பாப்பா. சோறு திங்கிறியா இல்லயா?"

நான் இளைத்ததாக வீட்டில்கூட யாரும் சொல்வதில்லை. அழுகை வந்துவிடும் போல இருந்தது. உடனே லேபிள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். "அந்தப் பேப்பர எடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டார். "இருக்குக்கா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். முதலில் செடியைக் கண்டுபிடிப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடியும் அதே 'பிறகு'.

மூக்கன் குட்டை பெரிதாக ஒன்றும் இல்லை. மூக்கன் யார் என்று அக்காவுக்கும் தெரியாது. நான் அடியெடுத்து அளந்ததில் நீளம் எழுபது மீட்டர், அகலம் நாற்பது இருக்கும். நடுவில் இடுப்பளவு, ஓரங்களில் கணுக்கால் அளவு தண்ணீர். தேத்தண்ணி நிறம். நடுவில் கொட்டிக்கிழங்கின் இலைகள் மிதந்தன, கரையில் நீர்முள்ளியும் கோரையும். தென்கிழக்கு மூலையில் ஏற்கெனவே நான்கு லோடு கிராவல் மண் கொட்டி வைத்திருந்தார்கள். உத்தரவு வரும் முன்னாலேயே கொட்டியது. ஆடுகள் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தன.

செடியைத் தேட ஒரு மணி நேரம் ஆனது. போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தூரத்தில் நின்று தேடினால் கிடைக்காது. இளம் கோரைத் தாள் மாதிரித்தான் தெரியும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட வேண்டும். உயரம் ஒரு சாண், சில சமயம் ஒன்றரைச் சாண். தண்டு மெல்லியது, ஆனால் சதைப்பற்றோடு இருக்கும், விரலால் நசுக்கினால் தண்ணீர் வரும். முடி, முள் எதுவும் இல்லை, வழவழப்பு. இலைகள் எதிரெதிராக, காம்பில்லாமல். அடியில் இருப்பவை ஈட்டி வடிவத்தில் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளும், மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் வெறும் செதில்தான். அதனால்தான் இதற்கு இலையே இல்லையோ என்று முதலில் தோன்றும்.

பூ தனித்தனியாக, இலைக் கக்கத்தில். அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வெளிர் ஊதா, இரண்டு உதடுகள், கீழுதட்டில் மூன்று மடல். உள்ளே நான்கு மகரந்தத் தாள்களில் பின்னால் உள்ள இரண்டுதான் வேலை செய்யும், முன்னால் உள்ள இரண்டும் மலடு, லென்ஸ் இல்லாமல் தெரியாது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். இவ்வளவும் மேலே இருக்கும் பூக்களைப் பற்றி. அவற்றுக்கு நூல் மாதிரிக் காம்பு உண்டு, விரியும், பூச்சி வரும்.

அடியில், பெரும்பாலும் தண்ணீருக்குள், தண்டோடு ஒட்டிக் காம்பே இல்லாமல் சில மொட்டுகள் இருக்கும். அவை விரிவதே இல்லை. மூடிய மொட்டுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து, காயாகி, விதையாகிவிடும். காய் உருண்டை, கடுகு அளவு. விதைகள் தூசி மாதிரி. மேலே பூத்த பூவுக்குப் பூச்சி வந்தால் வரட்டும், வராவிட்டாலும் கீழே வேலை நடந்துகொண்டிருக்கும். தண்ணீர் வற்றியதும் செடி செத்துவிடும். விதை சேற்றுக்குள் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நான் முதலில் இதற்காகத்தான் இந்தச் செடியின் மேல் பைத்தியமானேன். யாரும் பார்க்காமல், எதையும் காட்டிக்கொள்ளாமல் வாழ்கிற அதன் சுபாவம் எனக்கு அந்த வயதில் ரொம்பப் பிடித்திருந்தது.

பத்து மணிக்கு, வடக்குக் கரையோரம், என் கை அந்த வழவழப்பை உணர்ந்தது. இருபது, முப்பது செடிகள். பதினோரு வருடத்துக்குப் பிறகும் அதே கரை, அதே இடம். "இருக்குக்கா!" என்று நான் கத்தியதில் ஆடுகள் மிரண்டு ஓடின. அக்கா சேற்றில் இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"இதுவா? இத்தினிக்கூண்டு. ஆடுகூட சீந்தாதே இத."

"அதனாலதான்க்கா இன்னும் இருக்கு."

ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் காலை நேரத்தில் நல்லதாக நடந்தது அது ஒன்றுதான்.

அதிகாரி 11.20க்கு ஜீப்பில் வந்தார். ஐம்பது வயது, கணுக்கால் வரை மடித்துவிட்ட பேன்ட், கையில் ஒரு கோப்பு. கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலணியோடு சேற்றில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்று செடியைப் பார்த்தார். லென்ஸைக் கொடுத்தேன், பூவைப் பார்த்து, "அழகா இருக்குங்க" என்றார். இது எப்படிப்பட்ட இடத்தில் வளரும் என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து சுற்றி நின்றார்கள். செல்வராணி அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"நல்லதுங்க மேடம். இது இங்க இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இந்த வருஷம் நல்ல மழை. இந்த மழைக்கு எங்கிருந்தோ வந்து மொளைச்சதுன்னு எதிர்த்தரப்புல சொல்வாங்க. பழைய ரெக்கார்டு இருக்குன்னு ஊர்க்காரங்க சொன்னாங்களே?"

நகலை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தூறல் தாளில் விழுந்தது.

"செட்டிகுளம்னு போட்டிருக்கே?"

சொன்னேன். பஸ் டிக்கெட், செய்தித்தாள் மடிப்பு, வண்டியில் வந்தது, மூன்று வாரம் கழித்து எழுதியது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினேன்.

"இது போன வாரத் தேதிங்க."

"ஆமாங்க. போன வாரந்தான் பார்த்தேன்."

"மனு கொடுத்ததுக்கு அப்பறம்."

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "நீங்க சொல்றத நான் நம்புறேன் மேடம். பொய் சொல்றவங்க இந்தச் சீட்ட ஒட்டியிருக்க மாட்டாங்க. ஆனா ஃபைல்ல நான் எத வெக்கிறது? அப்ப நீங்க எழுதினதையா, இப்ப நீங்க சொல்றதையா? அங்கேர்ந்து செடியக் கொண்டாந்து இங்க நட்டுட்டாங்கன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தா நான் என்ன பதில் சொல்றது?"

அவர் நகலை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறேன், முடிவு மேலே எடுப்பார்கள் என்றார். 11.55க்கு ஜீப் கிளம்பியது. ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர், "படிச்சவங்களுக்கும் கை தவறும்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். திட்டியிருந்தால் தேவலை.

செல்வராணி அக்கா கிராவல் குவியலின் மேல் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஊரு பேரு தப்பா இருக்குறது ஒனக்கு மின்னாடியே தெரியுமா?"

"போன வாரம் பார்த்தேன்க்கா."

"அந்தச் சீட்டு எதுக்கு ஒட்டுன? அழிச்சிட்டு நம்ம ஊரு பேர எழுதியிருக்கலாம்ல? நெசந்தானே அது?"

பழைய லேபிளைத் தொடக்கூடாது என்றேன். அது விதி என்றேன். ஒருத்தர் மாற்ற ஆரம்பித்தால் எந்தத் தாளையும் நம்ப முடியாமல் போய்விடும் என்றேன். வகுப்பில் சொல்லும்போது இது எவ்வளவு எடுப்பாக இருக்கும்! அந்தக் கரையில், அந்த ஆடுகளுக்கு முன்னால், என் வாய்க்குள்ளேயே அது கசந்தது. அவர் முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "சரிங்க டீச்சரு. மழ வலுக்குது, பஸ்ஸப் புடிங்க" என்றார்.

பாப்பா போய் டீச்சரு ஆகிவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

நிற்க, தகவலை முடித்துவிடுகிறேன். கிளம்பும் முன் மூன்று செடிகளை வேரோடு எடுத்தேன். லேபிளை அங்கேயே, குடைக்கடியில், பென்சிலால் எழுதினேன். 12.50க்கு அரியலூர் பஸ் கிடைத்தது, பதினான்கு கிலோமீட்டர், 15 ரூபாய். அரியலூரில் சாப்பாடு 90 ரூபாய். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கக் கடலாக இருந்தது, சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் நத்தையும் அச்சாகக் கிடக்கும், நேரமிருப்பவர்கள் பாருங்கள். நான் எதையும் பார்க்கவில்லை. ரயில் நிலையத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, திருச்சிக்கு ரயிலேறி, ஆறரைக்கு வீடு வந்தேன். மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள்.

மூன்று வாரம் வரை அழைப்பு வரவில்லை. நான்காவது வாரம் நானே கூப்பிட்டேன். அக்கா எடுத்தார். "மூடிட்டாங்க" என்றார். நீண்ட நாளாகத் தண்ணீர் நின்றதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லை என்று உத்தரவு வந்ததாம். எத்தனை லோடு என்று எண்ணவில்லையாம், இரண்டு நாள் ஓடிக்கொண்டே இருந்ததாம். ஆடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பதினைந்தை விற்றுவிட்டார். மீதி ஏழு ஆடுகளையும் வீட்டிலேயே கட்டிப்போட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறார். "கட்டிப்போட்டா கத்துதுங்க டீச்சரு, காது குடுத்து கேக்க முடியல" என்றார். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொன்னபோது, தம்ளர் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வெக்கட்டுங்களா?" என்றார்.

செடிக்கு ஒன்றும் ஆகாது. இது அழியும் இனம் இல்லை. ஆசியாவில் எத்தனையோ வயல்களிலும் குட்டைகளிலும் இருக்கிறது, தேடினால் வேப்பந்தட்டைப் பக்கமும் தா.பழூர் வயல் வரப்புகளிலும் கிடைக்கலாம். ஐப்பசி முதல் தை வரை போங்கள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் பூ விரிந்திருக்கும். உலகத்துக்கு நஷ்டம் என்று பெரிதாகப் பேச எனக்கு வாய் இல்லை. நஷ்டம் ஒரே ஒருவருக்கு. அவருக்கு அதைச் செய்தவள் நான்.

உங்களில் செடி எடுக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இடத்தின் பெயரை அந்த இடத்தில் நின்றுகொண்டே எழுதுங்கள். கூட நிற்பவரிடம் கேட்டு, அவர் சொல்கிற பெயரையே எழுதுங்கள். மழை பெய்தாலும், பஸ் போய்விடும் என்றாலும், எழுதிவிட்டுக் கிளம்புங்கள். அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூக்கன் குட்டை இருந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: புளியங்கொல்லை நிறுத்தத்தில் இறங்கித் தெற்கே ஒன்றேகால் கிலோமீட்டர். இப்போது பாதைக்குக் கிராவல் போட்டுவிட்டார்கள், செருப்பில் மண் ஒட்டாது. லாரிகள் வரிசையாக நிற்கும். வழியில் இரண்டு கையிலும் குடத்தோடு ஒரு அக்கா வந்தால், ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் கூட நடங்கள். என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.